பெரியம்மாவின் முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு

வீடு
பிப்ரவரி 6

அன்புள்ள குடுவைக்கு,

நான் நலம். நீயும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். பெரியம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை.

உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. நடக்கிறாள். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு காலை நனைத்துக்கொண்டு உட்காருகிறாள். மூடியைத் திறந்தால் முன்னங்கால்களைத் தூக்கி என்னை முறைக்கவும் செய்கிறாள், அந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சில நாட்களாக வைத்த பூச்சியைத் தொடவில்லை. முதுகில், அதாவது அந்தப் பெரிய உருண்டை வயிற்றின் மேல்பக்கத்தில், ஒரு வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. வலது பக்கம் மூன்றாவது காலின் மூட்டிலும் கொஞ்சம். மாவைத் தடவிக் காயவிட்டது போல் இருக்கிறது. தொட்டியின் மூலையில் தேங்காய் நார்த்தூளின் மேலேயும் பஞ்சு மாதிரி ஏதோ பூத்திருக்கிறது.

கறையைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். துணியைக் கவுண்டரில் போட்டவுடன் இது துரு, இது மை, இது எண்ணெய் என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்லத் தெரியவில்லை. கை துறுதுறுவென்கிறது, ஆனால் எதையும் எடுத்துத் தேய்க்கவில்லை. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். வெள்ளையாக விட்டிருக்கும் இடம்தான் திட்டு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கல்லூரியில் விலங்கியல் அறையை மூடியபோது நீ அந்த டரான்டுலா சிலந்தியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றாயே, அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூலையில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் நடக்கும் எதுவுமே பிடிக்காத முகத்தோடு இருக்கிறாளே என்றுதான் பெரியம்மா என்று பெயர் வைத்தேன். இப்போது கடையிலிருந்து வந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். முகம் எங்கே இருக்கிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் கடிதம் மட்டும்தான் என்று பேசி வைத்திருக்கிறோமே, ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான். போனில் நீ பேசாமல் இருப்பாய், உன் பங்கையும் சேர்த்து நானே பேசுவேன், கடைசியில் சண்டையில் முடியும். கடிதத்தில் சண்டை போட வேண்டுமென்றாலும் தபால் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது.

என்ன செய்யட்டும், உடனே எழுது. நீ எப்போது வருவாய்?

உன்
மடிப்பு


மகளிர் விடுதி
பிப்ரவரி 10

அன்புள்ள மடிப்புக்கு,

கடிதம் கிடைத்தது. படமும் கிடைத்தது. அறைத்தோழி எட்டிப் பார்த்து, “யாருங்க இது உருளைக்கிழங்கு வரைஞ்சு அனுப்பியிருக்கறது?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூஞ்சையாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. சந்தேகம்தான். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியத்தைத் தொடங்கிவிட வேண்டும், பரவிவிட்டால் நம் கையில் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. பெரியம்மா வறண்ட நிலத்துச் சிலந்தி. அவளுடைய தொட்டி காய்ந்துதான் இருக்க வேண்டும். அங்கே பூஞ்சை எப்படிப் பூத்தது? தொட்டியின் மேல் நான் ஒட்டிவிட்டு வந்த காகிதம் இன்னும் இருக்கிறதா? “கிண்ணத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.” அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வேறு என்ன செய்தீர்கள்?

இனி செய்ய வேண்டியது. நார்த்தூளையெல்லாம் கொட்டிவிடுங்கள். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் நிறைய ஓட்டை போட்டு, அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, அவளை அதில் விடுங்கள். கையால் பிடிக்கக் கூடாது. ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி மாற்றுங்கள். அவள் கோபம் வந்தால் வயிற்று முடியை உதைத்துத் தள்ளுவாள், அது தோலில் பட்டால் நாள் கணக்கில் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். பூச்சி வேண்டாம். வெயில் வேண்டாம், காற்று வேண்டும்.

காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்து மருந்துக்கடையில் கிடைக்கும். அதில் ஒரு சொட்டுக்குப் பத்துச் சொட்டு தண்ணீர் கலந்து, மெல்லிய தூரிகையால் திட்டின் மேல் மட்டும் லேசாகத் தொட்டு வைக்க வேண்டும். வாய்ப்பக்கம் போகக் கூடாது. வயிற்றுக்கு அடியில் அவள் மூச்சு விடும் பிளவுகள் இருக்கின்றன, அங்கே ஒரு துளி போனாலும் உயிருக்கு ஆபத்து. தேய்க்கக் கூடாது. மறுபடியும் எழுதுகிறேன், தேய்க்கக் கூடாது. உங்கள் கடை அலமாரியில் இருக்கும் எந்த பாட்டிலையும் அவள் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. ஊர்த் தண்ணீரெல்லாம் பாட்டில் பாட்டிலாக எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருகிறது. குடிக்கலாமா கூடாதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். என் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். சம்மதமா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் கேட்கிறீர்கள். பரீட்சைத் தாளில் கட்டாயக் கேள்வி மாதிரி இருக்கிறது. விடை தெரிந்தால் நான் எழுத மாட்டேனா?

பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்
குடுவை


வீடு
பிப்ரவரி 15

அன்புள்ள குடுவைக்கு,

கேட்டாய், சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தெளித்தேன். காலையில் ஒரு தடவை, கடை சாத்திவிட்டு வந்து ஒரு தடவை.

நீ ஒட்டிய காகிதம் இருக்கிறது. தினமும் படிக்கிறேன். ஆனால் நீ போன பிறகு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெறும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள்? கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டுமே என்று கடையில் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற நீலமூடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். பூப்போலத்தான் தெளிக்கும். தெளித்ததும் அவள் ஒரு காலை எடுத்துத் துடைத்துக்கொள்வாள். எனக்கு அது நன்றி சொல்வது போல் இருந்தது. இப்போது நினைத்தால் திட்டியிருப்பாள் என்று தோன்றுகிறது.

இனித் தெளிக்க மாட்டேன்.

நீ எழுதியபடியே செய்தேன். கோப்பையைக் கவிழ்ப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. அவள் சும்மா இருப்பாளா? பின்னங்காலால் வயிற்றை ஒரு விறாண்டு விறாண்டினாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன், மணிக்கட்டை மறந்துவிட்டேன். இரண்டு கையும் தடித்துப் போய், கவுண்டரில் நின்று சொறிந்துகொண்டே துணி வாங்குகிறேன். நேற்று ஒரு அம்மா புடவைப் பையை நீட்டிவிட்டு, என் கையைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “சோப்பு ஒத்துக்கலையா தம்பி?” என்றார். சிலந்தி ஒத்துக்கவில்லை என்று சொன்னால் வியாபாரம் என்ன ஆகும்?

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். கால்நடை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். டப்பாவை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். மனிதர் நாற்காலியோடு சுவர்வரை போய்விட்டார். “சார், நாய், பூனை, பசு எதுன்னாலும் கொண்டு வாங்க. இத நான் படிக்கல, படிக்கவும் ஆசையில்ல” என்றார். அப்புறம் நல்ல மனிதராக, இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்து, “பங்கஸ் மாதிரிதான் இருக்கு. உங்க வீட்டம்மா சொன்னதையே செய்யுங்க” என்றார். பீஸ் வாங்கவில்லை.

தங்கச்சியும் வந்திருந்தாள். டிஷ்யூ காகிதத்தின் மேல் பெரியம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, அண்ணி போய் இத்தன மாசமாச்சு. ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வர்றத விட்டுட்டு, பூச்சிக்குப் பணிவிடை பண்ணிட்டு உக்காந்திருக்கியே” என்றாள். போய்க் கூப்பிட்டால் வருவாயா என்பது எனக்கே தெரியாது. உன் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயமாகவும் இருக்கிறது.

உனக்குப் பிடித்த மாதிரி மேலறைக்கு வெளிர்பச்சை வண்ணம் அடிக்க ஆளைக் கேட்டிருக்கிறேன். ஜன்னலையும் பெரிதாக்கலாம் என்கிறான்.

அயோடின் வாங்கி வைத்திருக்கிறேன். கை அரிப்பு கொஞ்சம் அடங்கட்டும், நடுங்காமல் தூரிகை பிடிக்க வேண்டும். நாளை மறுநாள் போடுகிறேன்.

கட்டாயக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன்
மடிப்பு


வீடு
பிப்ரவரி 17

குடுவை,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கே உன் கைக்குக் கிடைத்துவிடும் என்றார்கள்.

இன்று காலையில் மருந்து போட்டேன். நீ சொன்ன அளவுதான், ஒன்றுக்குப் பத்து. தூரிகை நுனியால் தொட்டேன், அவ்வளவுதான். தேய்க்கவில்லை, சத்தியமாகத் தேய்க்கவில்லை. தொட்ட இடம் கண்ணெதிரே கறுத்துவிட்டது. பழுப்பு மருந்து பட்டால் பழுப்பாகத்தானே ஆக வேண்டும்? இது கருநீலம். முதுகில் அந்தத் திட்டு முழுக்கக் கருநீலம். காலின் மூட்டிலும் அதே. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டில் சில சமயம் ஒரு கறை வரும், எடுக்கவே உயிரை வாங்கும், அசல் அந்த நிறம்.

உள்ளே அழுகிவிட்டதா? மருந்து சுட்டுவிட்டதா? நான் அளவைத் தப்பாகக் கலந்துவிட்டேனா?

கடையிலிருந்து கறை நீக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாட்டிலின் மூடியையும் திறந்துவிட்டேன். உன் கடிதத்தைப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். “எந்த பாட்டிலையும்” என்ற வரியைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். போனை எடுத்து உன் எண்ணைப் பாதிவரை அழுத்தி அதையும் வைத்துவிட்டேன். இப்போது அவள் ஓரமாக, கால்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு இருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ என்னை நம்பி விட்டுப்போன ஒரே ஜீவன் இது. அதையும் கெடுத்துவிட்டேன் என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஏதாவது எழுது.

மடிப்பு


ஆய்வகம்
பிப்ரவரி 18

அன்புள்ள மடிப்புக்கு,

கூரியர் வந்தது. நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். முதலில் கை கால் ஓடவில்லை. டாக்டர் கோட்டு என்ற இடத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்னம்மா, நல்ல சேதியா?” என்று கேட்கிறார்.

பெரியம்மா அழுகவில்லை. நீங்கள் அவளுக்குக் கஞ்சி போட்டிருக்கிறீர்கள்.

மாவுப்பொருள் மேல் அயோடின் பட்டால் கருநீலமாகும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கை வெட்டி ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார்கள். டாக்டர்களின் கோட்டில் நீங்கள் பார்க்கும் கறையும் அதுதான். கோட்டுக்குக் கஞ்சி போட்டவர் நீங்கள், அதன்மேல் அயோடின் சிந்தியவர் டாக்டர். கடைக்குப் போய் அந்த நீலமூடி பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அதில் ஒரு சொட்டு மருந்தை விட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு நீலமூடி, கஞ்சிக்கு வெள்ளைமூடி என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். கஞ்சி பாட்டில் அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு மூடியை மாற்றிப் போடுவதும் நீங்கள்தான். நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பருத்திச் சட்டைக்கு மாதிரி விறைப்பாக நிற்கட்டும் என்று பெரியம்மாவுக்குக் காலையும் மாலையும் கஞ்சி தெளித்திருக்கிறீர்கள். நார்த்தூளில் பூத்தது நிஜமான பூஞ்சைதான், ஈரமும் மாவும் கிடைத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? அவள் மேல் இருப்பது வெறும் மாவு.

சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

அப்பா போன பிறகு, அவர் கடைசியாகப் போட்டுக் கழற்றிய சட்டையை ஒரு பையில் சுற்றி பீரோவின் அடியில் வைத்திருந்தேன். அழுக்குச் சட்டை. வீட்டில் யாரும் இல்லாதபோது பையைப் பிரிப்பேன், முகத்தை வைத்துக்கொள்வேன், மறுபடி கட்டி வைப்பேன். ஒருநாள் பீரோவைத் திறந்தால் அந்தச் சட்டை துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, உங்கள் கடை உறைக்குள் புதுசு மாதிரி இருந்தது. நீங்கள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு ஆசையாகப் பார்த்தீர்கள். நான் “நல்லா இருக்கு” என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வராமல் போனது.

நான் பேசவில்லை என்றதும் டி.வி. வாங்கினீர்கள். சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்தீர்கள். என் சிநேகிதிகளையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். இப்போது மேலறைக்கு வண்ணம் அடிக்கிறீர்கள். நீங்கள் செய்தது ஒன்றுகூடக் கெட்டது இல்லை. அதனால்தான் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், கொஞ்ச நாள் என்னை அப்படியே விட்டுவைக்க ஒரு ஆள். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வேலை ஒரு சாக்கு.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன், இது முக்கியம். சாப்பிடாமல் இருக்கிறாள், வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்திருக்கும் என்று நினைக்கிறேன். தோலுரிக்கப் போகிறாள். அவர்கள் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் உரிப்பார்கள். பார்த்தால் செத்துவிட்டது போலவே இருக்கும். நிமிர்த்திப் போட்டுவிடாதீர்கள். தொடாதீர்கள், ஊதாதீர்கள், டப்பாவை நகர்த்தாதீர்கள். புதுத்தோல் அவ்வளவு மிருது, விரல் பட்டாலே கிழியும். முதுகில் இருக்கும் மாவு பழைய தோலோடு போய்விடும். மூட்டில் இருப்பதுதான் எனக்குக் கவலை. அங்கே விறைத்துப்போய்க் கால் வெளியே வராவிட்டால் அவள் பிழைப்பது கஷ்டம். அதற்கும் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

உங்களுக்கு இதைவிடக் கஷ்டமான வைத்தியத்தை நான் எழுதித் தர முடியாது என்று தெரியும்.

குடுவை


வீடு
பிப்ரவரி 27

அன்புள்ள குடுவைக்கு,

பாட்டிலைச் சோதித்துப் பார்த்தேன். கருநீலம். இரண்டு மூடியையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பாட்டில் மேலேயே பெரிதாக எழுதிவிட்டேன்.

மாமாவின் சட்டையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டேன். அந்தச் சட்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலர் ஓரத்தில் மஞ்சள், பையின் மூலையில் பேனா மை ஒரு பொட்டு. அந்த மையை எடுக்கத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. எடுத்து முடித்தபோது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல? இந்தக் கடிதத்தை இதற்கு முன் இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் கடைசியில் உனக்கு ஏதோ வாங்கித் தருவதாக எழுதியிருந்தேன். வண்ணம் அடிக்கிறவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சட்டைக்கு என்னிடம் பரிகாரம் இல்லை. வருத்தம் மட்டும் இருக்கிறது, அது ரொம்ப இருக்கிறது.

பெரியம்மா போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எட்டுக் காலும் மேலே. நீ எழுதியிருந்தும் நிமிர்த்திப் போடத்தான் கை போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வந்தாள். “ஐயோ, செத்துப் போச்சா? சரி, பேசாம எடுத்துப் போட்டுடுண்ணா” என்றாள். “பேசாமதான் இருக்கேன், நீயும் பேசாம இரு” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து இதுவரை ஒரு இடத்தில் நான் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டீ போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். டீ ஆறிப்போனது.

முதலில் மேல் ஓடு ஒரு ஓரமாகத் திறந்தது. அப்புறம் உள்ளேயிருந்து வெளிறிய ஒரு உடம்பு, இறுக்கமான ஈரச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி, கொஞ்சம் இழுப்பதும் கொஞ்சம் ஓய்வதுமாக வந்தது. ஒவ்வொரு காலாக உருவினாள். ஏழு கால் வந்துவிட்டது. வலது பக்கம் மூன்றாவது மட்டும் மூட்டில் சிக்கிக்கொண்டது. நான் கஞ்சி போட்ட கால்.

இழுக்கிறாள், வரவில்லை. ஓய்கிறாள். மறுபடி இழுக்கிறாள். குடுவை, கஞ்சியை இளக்க எனக்குத் தெரியும். கொஞ்சம் ஆவி காட்டினால் போதும். இருபது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஆவி இஸ்திரி பக்கத்து அறையில்தான் இருக்கிறது. எழுந்தேன். கதவுவரை போனேன். நீ மூச்சுவிடும் பிளவுகள் என்று எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்து திரும்பினேன். இன்னொரு தடவையும் எழுந்தேன். அப்போதும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சிரமமான வேலை அதுதான், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிந்திருக்கும்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். காலை விட்டுவிட்டாள். பழைய தோலுக்குள்ளேயே அந்தக் காலை விட்டுவிட்டு, ஏழு காலோடு புரண்டு எழுந்து நின்றாள். புத்தம்புதுசாக இருந்தாள். முடியெல்லாம் பளபளவென்று. முதுகில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

நான் ஆவி காட்டியிருந்தால் கால் தப்பியிருக்குமா, அல்லது உயிரே போயிருக்குமா? அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

கழற்றிப்போட்ட தோல் அப்படியே முழுதாக இருக்கிறது, அந்த ஒரு காலோடு, கருநீலக் கறையோடு. அவள் நடமாட ஆரம்பித்த பிறகு அதைக் குச்சியால் மெதுவாக எடுத்து ஒரு டப்பாவில் வைத்தேன். கழுவவில்லை. சுருங்கின இடத்தை நீவிவிடவும் இல்லை. இருந்தபடியே இருக்கிறது.

தோலுரித்த பிறகு இன்றுதான் முதன்முதலாக ஒரு பூச்சியைப் பிடித்துச் சாப்பிட்டாள். ஏழு கால் என்றாலும் பாய்ச்சலில் குறைவில்லை. மூடியைத் திறந்ததும் என்னை முறைத்தாள்.

மழை வரும்போல் இருக்கிறது. மாடியில் துணி காய்கிறது, எடுக்கப் போகிறேன்.

உன்
மடிப்பு


மார்ச் 5

அன்புள்ள மடிப்புக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் வேறு காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். கடைசியில் துணி எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அந்தக் கட்டாயக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை.

ஆவி காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதி உங்களைச் சமாதானப்படுத்தலாம், ஆனால் நிஜமாகவே தெரியாது. அடுத்த தடவை தோலுரிக்கும்போது அந்த இடத்தில் சின்னதாக ஒரு கால் முளைக்கும். அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வளரும். வருடக் கணக்கில் ஆகலாம். பெரியம்மாவுக்கு அவசரம் இல்லை.

அந்தத் தோலை நீங்கள் கழுவவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அறைத்தோழி பதறிப்போய், “வீட்டுல யாருக்காவது ஏதாவதா?” என்றாள். இல்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது.

நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாக்காகத்தான் வந்தேன், ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட மனமில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் மீதியையும் படியுங்கள். விடுதியைக் காலி செய்துவிட்டேன். ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே மாடியில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தை அங்கிருந்துதான் எழுதுகிறேன். ஒரு அறை, ஒரு சமையலறை, காற்று நன்றாக வரும் ஒரு ஜன்னல். பெரியம்மாவின் தொட்டிக்கு அந்த ஜன்னலோரம் சரியாக இருக்கும், வெயில் விழாது. வீட்டுக்கார அம்மாவிடம் சிலந்தி வளர்ப்பேன் என்று சொன்னேன். “எத்தன?” என்றார். ஒன்றுதான், அதிலும் ஏழு கால்தான் என்றேன். சரி என்றுவிட்டார்.

வீட்டுக்கு இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்றை இந்தக் கடிதத்தோடு தைத்து அனுப்பியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள். கடைக்கு விடுமுறை விடும் நாளெல்லாம் வரலாம், நான் அங்கே வரும் நாளும் உண்டு. மற்றதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். பேச்சு வராவிட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், அது உங்களுக்கு இப்போது பழகிவிட்டது.

வரும்போது பெரியம்மாவையும் அந்தத் தோல் இருக்கும் டப்பாவையும் கொண்டுவாருங்கள். வேறு எதுவும் வாங்கி வர வேண்டாம். வந்த பிறகு சுவரைப் பார்த்து வண்ணம் யோசிக்கக் கூடாது, ஜன்னலை அளக்கக் கூடாது.

சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆளைக் கூப்பிடட்டுமா என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். வேண்டாம், ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்
குடுவை